டாக்ஸாலும் கோல்ச்சிசினும் எதிரெதிர் வேலை செய்கின்றன. வேர்நுனி இரண்டிலும் வீங்குவது ஏன்?

வேர்நுனி (கேள்வி கேட்பவர்; கீழே தனி வரியில் வருபவை பதில் எழுதுவோரின் புனைபெயர்கள்)

வணக்கம். அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) நாற்றுகளிலும் புகையிலை பி.ஒய்-2 செல் வளர்ப்பிலும் நுண்குழல்களை (செல்லுக்குள் உள்ள மெல்லிய புரதக் குழல்களை) பாதிக்கும் டாக்ஸால், கோல்ச்சிசின் என்ற இரு மருந்துகளை ஒப்பிடும் சோதனை இது. டாக்ஸால் 10 மைக்ரோமோலார், கோல்ச்சிசின் 0.05%. டாக்ஸாலை டிஎம்எஸ்ஓ (DMSO) என்ற கரைப்பானில் கரைத்துக் கொடுத்தோம், கோல்ச்சிசினை நேரடியாக நீரில். செல்களைப் ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, நுண்குழலைக் கட்டும் புரதமான டியூபுலினுக்கு ஆன்டிபாடி போட்டு ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்க்கிறோம்.

நான்கு விஷயங்களில் தெளிவு வேண்டும்.

கோல்ச்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு நுண்குழல் உருவாவதைத் தடுக்கிறது. டாக்ஸால் நேர்மாறு: உருவாவதைத் தூண்டுகிறது, உருவானதைக் கலையவிடாமல் வைக்கிறது. அப்படியென்றால் ஒரு நாள் கழித்துப் பார்க்கும்போது இரண்டு மருந்திலும் வேர்நுனி ஒரே மாதிரி தடித்துக் குட்டையாகி நிற்பது எப்படி?

விலங்கு செல்களுக்கு நானோமோலார் அளவு டாக்ஸாலே போதும். தாவரத்துக்கு மைக்ரோமோலார் கணக்கில் கொடுக்க வேண்டியிருப்பது செல்சுவர் தடுப்பதாலா?

கோல்ச்சிசின் கொடுத்த பி.ஒய்-2 செல்களில் மெட்டாஃபேஸ் நிலை (செல்பிரிதலில் குரோமோசோம்கள் நடுவில் வரிசைப்படும் கட்டம்) குவிகிறது. டாக்ஸாலில் அந்த அளவு குவியவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கடைசியாக, டாக்ஸால் கொடுத்த மாதிரிகளில் மட்டும் ஊசி ஊசியாக, சில இடங்களில் நட்சத்திரம்போல, மிகப் பிரகாசமான அமைப்புகள் தெரிகின்றன. இவை நுண்குழல் கற்றைகள்தானா?

புறணி

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றவை எளிது.

"நிலைப்படுத்துதல்" என்றதும் நுண்குழல் தன் வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் என்று தோன்றும். தாவர செல்லில் அது நடப்பதில்லை. இங்கே நுண்குழல்களின் ஒழுங்கே அவை இடைவிடாமல் வளர்ந்து, சுருங்கி, இடம் மாறுவதிலிருந்துதான் பிறக்கிறது. விலங்கு செல்லில் சென்ட்ரோசோம் இருக்கிறது, நுண்குழல்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. உயர்தாவர செல்லில் சென்ட்ரோசோம் கிடையாது. பிளாஸ்மா சவ்வுக்கு அடியில், செல் முழுக்கப் பரவிய காமா-டியூபுலின் தொகுதிகளிலிருந்து புறணி நுண்குழல்கள் முளைக்கின்றன. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ஒரு நுண்குழலின் பக்கவாட்டில், ஏறத்தாழ 40 பாகைக் கோணத்தில் கிளையாகவோ அல்லது அதற்கு இணையாகவோ முளைக்கும். பிறகு கேட்டனின் புரதம் அந்தக் கிளையை வெட்டி விடும். வெட்டப்பட்டது முன்முனையில் வளர்ந்துகொண்டும் பின்முனையில் மெல்லத் தேய்ந்துகொண்டும் நகரும்.

நகரும் நுண்குழல் இன்னொன்றின் மேல் மோதும்போது கோணம் சிறியதாக இருந்தால் திரும்பி அதனோடு இணைந்து ஓடும். கோணம் பெரிதாக இருந்தால் தாண்டிப் போகும், அல்லது சட்டென்று சுருங்கி மறையும். திசை தவறியவை இப்படிக் கழிந்துகொண்டே இருப்பதால்தான் நீட்சி மண்டலத்தில் நுண்குழல்கள் வளர்ச்சி அச்சுக்குக் குறுக்காக வரிசைப்பட்டு நிற்கின்றன.

செல்சுவரின் கீழ் இந்தக் குறுக்கு வரிசையை லெட்பெட்டரும் போர்ட்டரும் 1963-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். செல்லுலோஸ் நாரிழைகளின் திசையும் அதுவே என்பதை அப்போதே கவனித்தார்கள். செல்லுலோஸ் உருவாக்கும் நொதித் தொகுதிகள் நுண்குழல்களைத் தடமாகக் கொண்டு சவ்வில் ஓடுவதை 2006-ல் உயிருள்ள செல்லிலேயே பார்க்க முடிந்தது. செல்லுலோஸ் குறுக்காகச் சுற்றியிருந்தால் செல் நீளவாட்டில் மட்டும் வளரும்.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். கோல்ச்சிசின் (செங்காந்தள், கோல்ச்சிக்கம் செடிகளில் இருப்பது) டியூபுலினின் ஆல்ஃபா-பீட்டா இரட்டை மூலக்கூறில் ஒட்டிக்கொண்டு அதை வளைந்த நிலையிலேயே பூட்டிவிடும். வளைந்த டியூபுலின் நேரான குழலின் முனையில் சரியாகப் பொருந்தாது. வரிசையே இல்லாமல் போகிறது, செல்லுலோஸ் திசை குலைகிறது, செல் பக்கவாட்டிலும் விரிகிறது.

டாக்ஸால் (பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து பிரித்தது, அமைப்பு வெளியானது 1971-ல்) குழலின் உட்புறத்தில் பீட்டா-டியூபுலினில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, பக்கத்துப் பக்கமாக நிற்கும் இழைகளுக்கிடையே உள்ள பிணைப்பை இறுக்குகிறது. ஹார்விட்ஸ் குழு 1979-ல் காட்டியது இதன் விளைவைத்தான்: நுண்குழல் உருவாகத் தேவையான குறைந்தபட்ச டியூபுலின் செறிவு வெகுவாகக் கீழிறங்குகிறது, உருவான குழல் குளிருக்கும் கால்சியத்துக்கும் கலைவதில்லை. டாக்ஸால் இருந்தால், வழக்கமாகத் தேவைப்படும் ஜிடிபி (GTP) இல்லாமலேயே கூட உருவாகும். சோதனைக்குழாயில் இப்படி உருவாகும் குழல்களில் வழக்கமான 13 இழைகளுக்குப் பதில் 12 இழைகள் கொண்டவை அதிகம்.

செல்லுக்குள் நடப்பதைப் பாருங்கள். குழல்களின் எண்ணிக்கையும் அடர்த்தியும் கூடும், கற்றையாகும். ஆனால் திசை தவறிய குழல் இனி சுருங்கி மறையாது. கேட்டனின் டாக்ஸால் ஏறிய குழலையும் வெட்டும், ஆனால் வெட்டுண்ட துண்டு தேயாமல் அங்கேயே கிடக்கும். கட்டற்ற டியூபுலின் இருப்பு குறைந்துபோவதால் சரியான திசையில் புதிதாக வளர வேண்டியவற்றுக்கும் பொருள் போதாது. அடர்த்தியாக, ஆனால் ஒழுங்கற்று நிற்கும் வரிசைதான் மிச்சம். செல்லுலோஸ் அதன் மேல்தான் ஓடுகிறது. ஒரு மருந்தில் தடமே இல்லை, இன்னொன்றில் தடங்கள் கண்டபடி கிடக்கின்றன. செல் இரண்டிலும் பருக்கிறது. அராபிடாப்சிஸ் வேரில் ஒரைசாலினும் (நுண்குழலைக் கலைக்கும் களைக்கொல்லி) டாக்ஸாலும் ஒன்றுபோலவே வீக்கம் தருவதை பாஸ்கின் குழு 1994-ல் விரிவாக எழுதியிருக்கிறது.

ஆகவே வீக்கத்தை வைத்து "இது உருவாவதைத் தடுக்கும் மருந்தா, கலைவதைத் தடுக்கும் மருந்தா" என்று பிரித்தறிய முடியாது. வீக்கம் பல மணி நேரம் கழித்து வரும் விளைவு. நுண்குழலில் மாற்றம் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஒப்பீடு அங்கேதான் செய்ய வேண்டும்.

செறிவு பற்றி: செல்சுவர் காரணமல்ல. சுவரின் துளைகள் சில நானோமீட்டர் அகலம் கொண்டவை, 854 டால்டன் எடையுள்ள டாக்ஸால் அதில் தாராளமாகப் போகும். இலை, தண்டு மேற்தோலில் கியூட்டிகிள் (மெழுகுப் படலம்) தடுக்கும், இளம் வேரில் அந்தத் தொல்லை குறைவு. விலங்கு செல்கள் டாக்ஸாலை வெளியிலிருப்பதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உள்ளே சேர்த்துக்கொள்கின்றன என்பதை மறக்கக் கூடாது. வெளியே சில நானோமோலார் என்றாலும் உள்ளே மைக்ரோமோலார். போதாததற்கு, சில டியூபுலின்களுக்கு ஒரு டாக்ஸால் ஒட்டினாலே குழலின் வளர்-சுருங்கு இயக்கம் அடங்கிவிடும். மொத்தக் குழல் அளவு கூட வேண்டுமென்றால்தான் டியூபுலினுக்கு இணையான எண்ணிக்கையில் மருந்து வேண்டும். தாவரத்தில் எல்லோரும் 10 அல்லது 20 மைக்ரோமோலார் கொடுப்பது இந்த இரண்டாவது விளைவைக் கண்ணால் பார்ப்பதற்காக. இயக்கம் அடங்குவதை மட்டும் பார்க்க விரும்பினால் 0.5, 1, 5, 10 என்று படிப்படியாகக் கொடுத்துப் பாருங்கள்.

கோல்ச்சிசின் கதை வேறு. அங்கே தடை தாவர டியூபுலினிலேயே இருக்கிறது. மோர்ஜானும் ஃபாஸ்கெட்டும் 1982-ல் ரோஜா செல் வளர்ப்பிலிருந்து டியூபுலினைப் பிரித்தெடுத்து வேலை செய்த காலத்திலிருந்தே, தாவர டியூபுலின் கோல்ச்சிசினைத் தளர்வாகத்தான் பிடிக்கிறது என்பது தெரியும். உங்கள் 0.05% என்பது 1.25 மில்லிமோலார். விலங்கு செல்லில் பயன்படுத்துவதைப் போல ஆயிரம் மடங்கு. ஒரைசாலின், டிரைஃப்ளூராலின் போன்ற களைக்கொல்லிகள் இதற்கு நேரெதிர்: தாவர டியூபுலினை மைக்ரோமோலார் அளவிலேயே இறுகப் பிடிக்கும், விலங்கு டியூபுலினை அண்டுவதில்லை. மில்லிமோலார் கோல்ச்சிசினையும் மைக்ரோமோலார் டாக்ஸாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமான ஒப்பீடு அல்ல என்பது என் கருத்து. அவ்வளவு கோல்ச்சிசினுக்கு டியூபுலின் சாராத விளைவுகளும் உண்டு. கலைக்கும் மருந்தாக ஒரைசாலினையும் கட்டாயம் சேருங்கள்.

கரைப்பான்

நான்காவது கேள்விக்கு: பெரும்பாலும் அவை நுண்குழல்கள் அல்ல, டாக்ஸால் படிகங்கள்.

டாக்ஸால் நீரில் கிட்டத்தட்ட கரையாது. டிஎம்எஸ்ஓவிலிருந்து ஊடகத்துக்குள் விட்டதும் சிறிது நேரம் மிகைக்கரைசலாக நிற்கும், பிறகு மெல்ல ஊசிப் படிகங்களாக வெளியேறும். ஒரு மையத்திலிருந்து கிளம்பினால் நட்சத்திரம். டியூபுலின் இந்தப் படிகங்களின் மேல் படிந்துவிடும் என்பதுதான் பெரிய வம்பு. ஒளிரும் டியூபுலினைச் சேர்த்த சோதனைக்குழாய் வேலைகளில் இவை அச்சு அசலாக நுண்குழல் கற்றை போலவே காட்சி தரும். டாக்ஸாலில் உருவான "ஆஸ்டர்" (நட்சத்திர வடிவ நுண்குழல் கூட்டம்) என்று நினைப்பவற்றில் எத்தனை இப்படிப்பட்டவை என்று சந்தேகப்படுவது நல்லது.

அடையாளம் காண்பது கடினமல்ல. படிகம் விறைப்பான நேர்கோடு, நுண்குழல் கற்றை செல்லின் வளைவுக்கேற்ப வளையும். படிகம் செல்லுக்கு வெளியிலும் கிடக்கும், செல் எல்லையைக் குறுக்கே தாண்டியும் நிற்கும். குறுக்கு முனைவாக்கிகளுக்கு நடுவே வைத்தால் ஆன்டிபாடி எதுவும் இல்லாமலே பளிச்சென்று மின்னும். எல்லாவற்றையும்விட எளிய வழி: செல்லே இல்லாத ஊடகத்தில் அதே அளவு டாக்ஸால் விட்டு, அதே வெப்பநிலையில், அதே நேரம் வைத்து ஒரு துளியைப் பாருங்கள். ஊசிகள் அங்கேயும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இந்தத் துளிச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்வது அவசியம். படிகமாகிவிட்ட மருந்து செல்லுக்குள் போவதில்லை, ஆகவே "10 மைக்ரோமோலார்" என்று எழுதிய குடுவையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

படிகமாகாமல் கொடுக்கும் முறை:

5 மி.கி. டாக்ஸால் குப்பியில் 586 மைக்ரோலிட்டர் உலர் டிஎம்எஸ்ஓ விட்டால் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல். 10 அல்லது 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து −20 °செ-ல் வையுங்கள். டிஎம்எஸ்ஓ 18 °செ அளவிலேயே உறையும், ஆகவே வெளியே எடுத்தபின் முழுதாக உருகி, அறை வெப்பநிலைக்கு வந்து, நன்றாகக் கலக்கிய பிறகே உறிஞ்ச வேண்டும். பாதி உருகிய குழாயிலிருந்து எடுத்தால் செறிவு கணக்கு தப்பும். குளிர்ந்த குழாயைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே இறங்கும், அந்த நீரே அடுத்த முறை படிகத்துக்கு வித்தாகும்.

குறைந்த செறிவுகள் வேண்டுமென்றால் டிஎம்எஸ்ஓவிலேயே நீர்த்து 5, 1, 0.5 மில்லிமோலார் தனித்தனியாகத் தயாரியுங்கள். எல்லாவற்றையும் 1000-க்கு 1 என்ற ஒரே விகிதத்தில் சேர்த்தால் டிஎம்எஸ்ஓ எங்கும் 0.1% ஆக நிற்கும். இருப்புக் கரைசலை முதலில் நீரில் பத்து மடங்கு நீர்த்து, பிறகு அதிலிருந்து எடுத்து விடுவது பலர் செய்யும் தவறு. 1 மில்லிமோலார் டாக்ஸால் நீரில் ஒரு நிமிடம்கூடத் தங்காது, வெள்ளையாகத் திரிந்துவிடும்.

ஊடகம் 25 முதல் 27 °செ-ல் இருக்கட்டும், குலுக்கியில் சுழன்றுகொண்டே இருக்கட்டும். மருந்தைச் சொட்டு சொட்டாக விடுங்கள். விட்டபின் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள், முந்தைய நாளே கலந்தும் வைக்காதீர்கள். அகாரில் சேர்ப்பதானால் 50 முதல் 55 °செ-க்கு ஆறியபின் சேர்த்து, உடனே ஊற்றி, அன்றே பயன்படுத்துங்கள். டாக்ஸால் நீர்வெறுப்புப் பொருள் என்பதால் பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டும். சில நூறு மைக்ரோலிட்டர் மட்டும் வைத்துச் செய்யும் வேலைகளில் இது செறிவைக் குறைத்துவிடும், கண்ணாடி நல்லது. 20 மைக்ரோமோலாருக்கு மேல் ஏற்றிப் பயனில்லை, கூடுவது படிகம்தான்.

கட்டுப்பாட்டு மாதிரிக்கு அதே 0.1% டிஎம்எஸ்ஓ வேண்டும். "டிஎம்எஸ்ஓ சும்மா கரைப்பான்தானே" என்று விட்டுவிட முடியாது. சோதனைக்குழாயில் 10% டிஎம்எஸ்ஓவே டியூபுலினைக் குழலாக்கிவிடும்.

கோல்ச்சிசினுக்கு வேறொரு கவனம். வெளிச்சத்தில், குறிப்பாகப் புற ஊதாவில், அது லூமிகோல்ச்சிசினாக மாறிவிடும். அது டியூபுலினைப் பிடிக்காது. குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள், இருட்டில் வையுங்கள். இதையே உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: அதே செறிவு லூமிகோல்ச்சிசின் கொடுத்த மாதிரி ஒன்று வைத்தால், டியூபுலின் சாராத விளைவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இரண்டுமே கொடிய நஞ்சு. டிஎம்எஸ்ஓ தோல் வழியாக மருந்தையும் உள்ளே கொண்டுபோகும். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், தூளை எடைபோடும்போது முகக்கவசமும் வேண்டும், கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் சேர்க்க வேண்டும்.

வேர்நுனி

இருவருக்கும் மிக்க நன்றி. துளிச் சோதனை செய்ததில் செல் இல்லாத ஊடகத்திலும் ஊசிகள் இருக்கின்றன. மருந்து விட்டபின் குடுவை பனிக்கட்டியில் நின்றது, காரணம் அதுவாகவே இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு: மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது என்பதைத் தனியாக நிரூபிக்க வழி உண்டா? செல்பிரிதலில் எதை எண்ண வேண்டும்?

செல்தட்டு

செல்பிரிதலைப் பற்றி நான் சொல்கிறேன். மெட்டாஃபேஸை மட்டும் எண்ணினால் டாக்ஸாலின் முக்கிய விளைவு உங்கள் கணக்கில் வராமலே போகும்.

கோல்ச்சிசினில் கதிர்கோலே (குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்குழல் அமைப்பு) உருவாவதில்லை. எந்தக் குரோமோசோமும் எங்கும் பிடிபடாததால் செல்லின் சோதனைச்சாவடி நிறுத்திவைக்கிறது, குரோமோசோம்கள் சுருங்கித் தடித்துச் சிதறிக் கிடக்கும் சி-மெட்டாஃபேஸ் செல்கள் குவிகின்றன. தாவரத்தில் இந்த நிறுத்தம் நிரந்தரமல்ல. சில மணி நேரம் கழித்து செல் பிரியாமலேயே குரோமோசோம்கள் ஒரே நியூக்ளியசுக்குள் அடைபட்டு, எண்ணிக்கை இரட்டிப்பாகும். 1937-லிருந்து பன்மடியச் செடிகளை உருவாக்கக் கோல்ச்சிசினைப் பயன்படுத்துவது இதனால்தான்.

டாக்ஸாலில் கதிர்கோல் இருக்கும். இழைகள் மிகுந்து, வடிவம் கோணலாகி, சில சமயம் இரண்டுக்கு மேற்பட்ட துருவங்களோடு இருக்கும். குரோமோசோம்கள் ஏதோ ஒரு வகையில் பிடிபட்டிருப்பதால் சாவடி கோல்ச்சிசின் அளவு இறுக்கமாக நிறுத்தாது. மோலே-பாயரும் பாயரும் 1983-ல் ஹீமாந்தஸ் எண்டோஸ்பெர்ம் செல்களில் இந்தக் கதிர்கோல் மாற்றங்களை விவரித்திருக்கிறார்கள். தப்பி நகர்ந்த செல் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் ஃபிராக்மோபிளாஸ்ட்.

ஃபிராக்மோபிளாஸ்ட் முதலில் செல்லின் நடுவில் சிறு உருளையாகத் தோன்றி, வெளிநோக்கி வளையமாக விரிந்து, தாய்ச்சுவரைத் தொடும்வரை செல்தட்டை (இரு செல்களைப் பிரிக்கப்போகும் புதுச் சுவரை) இழைத்துக்கொண்டே போகும். விரிவதற்கு என்ன தேவை? நடுவில் வேலை முடிந்த நுண்குழல்கள் கலைய வேண்டும், அதில் விடுபடும் டியூபுலின் வெளி விளிம்பில் புதுக் குழல்களாகச் சேர வேண்டும். டாக்ஸால் இருந்தால் நடுவில் இருப்பவை கலையாது, விளிம்புக்குப் பொருள் வராது, விரிதல் நின்றுவிடும். யசுஹாரா குழு 1993-ல் பி.ஒய்-2 செல்களிலேயே இதைக் காட்டியது, ஆகவே உங்கள் பொருளுக்கு நேரடியாகப் பொருந்தும். டாக்ஸாலின் வேலையைத் தாவர செல்லில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை என்றே சொல்வேன். கலைய வேண்டிய நேரத்தில் கலையாமல் இருப்பதே இங்கே கோளாறு.

எண்ண வேண்டியவை: புரோஃபேஸுக்கு முந்தைய பட்டை உள்ளவை (பிரிதலுக்குச் சற்று முன் சவ்வுக்கடியில் தோன்றும் நுண்குழல் வளையம் அது; அந்தப் பட்டை ஒடுங்கியிருக்கிறதா, அகலமாகவே நிற்கிறதா என்றும் குறியுங்கள்), மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் (குரோமோசோம்கள் இரு பக்கமும் பிரிந்து போகும் கட்டம்), ஃபிராக்மோபிளாஸ்ட் உள்ளவை, இரு நியூக்ளியஸ் செல்கள், செல்தட்டு பாதியில் நின்றவை. டிஎன்ஏ சாயமும் டியூபுலின் ஆன்டிபாடியும் சேர்த்துப் போட்டால்தான் இவற்றைப் பிரிக்க முடியும். டாக்ஸால் மாதிரியில் ஃபிராக்மோபிளாஸ்ட் நிலையின் விகிதம் ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது.

ஒத்திசைவு இல்லாத வளர்ப்பில் ஒவ்வொரு நிலையிலும் சிற்சில செல்களே கிடைக்கும். அஃபிடிகோலினால் டிஎன்ஏ இரட்டிப்பு நிலையில் நிறுத்தி, கழுவி, பிரிதல் தொடங்கும்போது டாக்ஸால் கொடுங்கள். அஃபிடிகோலினுக்குப் பின் புரோபைசமைடும் கொடுத்து இறுக்கமாக ஒத்திசைப்பது வழக்கம். ஆனால் அதுவும் நுண்குழலைக் கலைக்கும் மருந்து. டாக்ஸால் ஆய்வுக்கு முன் அதைக் கொடுத்தால் இரண்டின் விளைவும் கலந்துவிடும். இந்த வேலைக்கு அஃபிடிகோலின் மட்டும் போதும்.

புறணி

நிரூபிக்கும் சோதனைக்கு நான் பதில் சொல்கிறேன். கலைக்கும் விசை ஒன்றை டாக்ஸால் எதிர்த்து நிற்கிறதா என்று பார்ப்பதே நேரடி வழி.

ஒரு தொகுதிக்கு 10 மைக்ரோமோலார் டாக்ஸால், இன்னொன்றுக்கு டிஎம்எஸ்ஓ மட்டும், ஒரு மணி நேரம். பிறகு இரண்டுக்கும் 10 மைக்ரோமோலார் ஒரைசாலின் சேர்த்து 30 நிமிடம். டாக்ஸாலைக் கழுவி எடுக்கக் கூடாது, அது உள்ளேயே இருக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ தொகுதியில் புறணி நுண்குழல்கள் மறைந்து, டாக்ஸால் தொகுதியில் நின்றால் மருந்து உள்ளே போய் டியூபுலினைப் பிடித்துவிட்டது என்று உறுதி. டாக்ஸால் தொகுதியிலும் மறைந்தால் மூன்றில் ஒன்று: படிகமாகிவிட்டது, நேரம் போதவில்லை, அல்லது இருப்புக் கரைசல் கெட்டுவிட்டது.

குளிரையும் பயன்படுத்தலாம், பனிக்கட்டி மேல் 30 முதல் 60 நிமிடம். ஆனால் எல்லாத் தாவரத்திலும் குளிருக்கு நுண்குழல் ஒரே வேகத்தில் கலையாது. குளிர் தாங்கும் இனங்களில் மருந்தே இல்லாமல் நிறைய மிஞ்சும். மருந்தற்ற மாதிரியில் எவ்வளவு நேரத்தில் மறைகின்றன என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டால்தான் ஒப்பிட முடியும். குளிர் டாக்ஸாலைப் படிகமாக்கும் என்பதும் நினைவிருக்கட்டும், அதனால் எனக்கு ஒரைசாலின் வழியே பிடித்தது.

நிலைநிறுத்தும் கரைசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. 50 மில்லிமோலார் பைப்ஸ் (பிஹெச்சை நிலையாக வைக்கும் தாங்கல்), 5 மில்லிமோலார் ஈஜிடிஏ, 5 மில்லிமோலார் மக்னீசியம் சல்ஃபேட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 6.9. பைப்ஸ் அமிலநிலையில் கரையாமல் வெண்மையாக நிற்கும், காரம் ஏற ஏறத் தெளியும். ஈஜிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நிலைநிறுத்தும் முன்பே கட்டுப்பாட்டு மாதிரியின் நுண்குழல்கள் கலைந்துபோகும். டாக்ஸால் மாதிரியில் கலையாது. விளைவு? இல்லாத வித்தியாசம் ஒன்று கண்ணுக்குத் தெரியும். அதில் 4% ஃபார்மால்டிஹைட், அன்றன்று பாராஃபார்மால்டிஹைடிலிருந்து தயாரித்தது, 45 முதல் 60 நிமிடம். சுவரைத் தளர்த்த 1% செல்லுலேஸ், 0.1% பெக்டோலையேஸ், 0.4 மோலார் மானிட்டால், கூடவே புரதச்சிதைப்பு நொதிகளுக்குத் தடுப்பான். செல்லுலேஸ் தூளில் புரதச்சிதைப்பு நொதிகள் கலந்திருக்கும், தடுப்பான் இல்லாவிட்டால் அவை டியூபுலினையே மென்றுவிடும். சவ்வுக்கு 1% ட்ரைட்டான் எக்ஸ்-100.

சில செய்முறைகளில் நிலைநிறுத்தும் கரைசலிலேயே டாக்ஸால் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். நுண்குழலை அழகாகப் படமெடுக்க மட்டும் அது உதவும். மருந்துகளை ஒப்பிடும் சோதனையில் அதைச் சேர்க்கவே கூடாது, கட்டுப்பாட்டு மாதிரியும் டாக்ஸால் மாதிரி ஆகிவிடும்.

ஒளிர்இழை

உயிருள்ள செல்லில் பார்ப்பதானால் எந்த ஒளிர்குறி என்பது முடிவையே மாற்றும். எம்ஏபி4 புரதத்தின் நுண்குழல் பிணைப்புப் பகுதியோடு ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) சேர்த்த செடி வரிசைகள் பளிச்சென்று தெரியும் என்பதால் பலர் எடுக்கிறார்கள். அந்தப் பகுதி தானே நுண்குழலை நிலைப்படுத்திக் கற்றையாக்கும். அதன் மேல் டாக்ஸாலும் கொடுத்தால் எது யார் செய்தது என்று பிரிக்க முடியாது. டியூபுலினோடே ஒளிர்குறி சேர்த்த வரிசை எடுங்கள். பீட்டா-டியூபுலின் வரிசைகளும், சிவப்புக் குறியுள்ள ஆல்ஃபா-டியூபுலின் 5 வரிசையும் நன்றாக வேலை செய்யும். ஜிஎஃப்பி-டியூஏ6 (ஆல்ஃபா-டியூபுலின் 6) வரிசையில் மருந்தில்லாமலே செல்வரிசை லேசாக முறுக்கிக்கொள்ளும், அதை டாக்ஸாலின் விளைவாகக் கணக்கெழுதிவிடாதீர்கள்.

இயக்கம் அடங்கியதா என்று பார்க்க ஈபி1 சிறந்தது. வளரும் முனையில் மட்டும் வால்நட்சத்திரம்போல ஒட்டி நகரும் புரதம் இது. டாக்ஸால் கொடுத்தபின் அந்த வால்கள் குறைந்து, குட்டையாகி, மறையும். மொத்த நுண்குழல் அளவில் எந்த மாற்றமும் தெரியாத குறைந்த செறிவிலேயே இது தெரிய வாய்ப்பு அதிகம். 3 முதல் 5 நொடிக்கு ஒரு படம், இரண்டு மூன்று நிமிடம் போதும். லேசர் ஒளியைக் குறைவாக வையுங்கள், ஒளி மிகுந்தாலே நுண்குழல் வளர்ச்சி நின்றுவிடும்.

சோதனைக்குழாயில் தனி டியூபுலினோடு செய்யும் எண்ணம் வந்தால் இரண்டு எச்சரிக்கை. சந்தையில் எளிதாகக் கிடைப்பது பன்றி மூளை டியூபுலின். அதில் கிடைக்கும் எண்களைத் தாவரத்துக்குத் தூக்கி வைக்க முடியாது. தாவர டியூபுலினைப் பிரிக்கும்போது டாக்ஸாலால் குழலாக்கி வீழ்படிவாக எடுக்கும் பழைய முறையைத் தவிருங்கள். டாக்ஸால் டியூபுலினோடு ஒட்டியே வந்துவிடும், அந்த டியூபுலினைக் கொண்டு வளர்-சுருங்கு இயக்கத்தை அளக்க முடியாது. டியூபுலினைப் பிடிக்கும் டிஓஜி (TOG) புரதப் பகுதியைப் பிணைத்த பிரிப்புக் குழாயில் (column) பிரித்தெடுத்தால் மருந்தில்லாத, வேலை செய்யும் டியூபுலின் கிடைக்கும்.

வேர்நுனி

மிகவும் பயனுள்ள பதில்கள். கடைசியாக ஒன்று: டாக்ஸாலைக் கழுவி எடுத்தால் செல் பழைய நிலைக்கு வருமா? மீட்சியையும் காட்ட விரும்புகிறோம்.

கரைப்பான்

வரும், ஆனால் ஒரைசாலின் போல விரைவில் அல்ல. ஒரைசாலினை நன்றாகக் கழுவினால் ஓரிரு மணி நேரத்தில் புதுக் குழல்கள் தெரியத் தொடங்கும். டாக்ஸால் சவ்வுகளில் தங்கி மெல்லத்தான் வெளியேறும். ஊடகத்தை ஒருமுறை மாற்றினால் போதாது: 10 மடங்கு கொள்ளளவு புது ஊடகத்தில் நான்கைந்து முறை கழுவி, நடுநடுவே 10 நிமிடம் குலுக்கியில் விட்டு, கடைசியில் புதுக் குடுவைக்கு மாற்றுங்கள். பழைய குடுவையின் சுவரில் ஒட்டியிருப்பது திரும்ப இறங்கும். கழுவும் ஊடகத்திலும் 0.1% டிஎம்எஸ்ஓ இருக்கட்டும், கட்டுப்பாட்டு மாதிரியையும் அதே எண்ணிக்கையில் கழுவுங்கள். பி.ஒய்-2 செல்களைச் சுழற்றிப் படியவைக்கும்போது 100 ஜி-க்கு மேல் போகாதீர்கள், நசுங்கிய செல்லின் நுண்குழல்களைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. படிகம் ஒன்றிரண்டு செல்களோடு சேர்ந்து வந்துவிட்டாலும் அது புது ஊடகத்தில் மெல்லக் கரைந்து மருந்தை விட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே மீட்சிச் சோதனைக்கு 1 முதல் 5 மைக்ரோமோலாருக்குள் கொடுத்த மாதிரியையே எடுங்கள்.